நாலரை மணி வேனும் ஐந்தே முக்கால் ரயிலும்: ஓபு நகர் நிகழ்வு ஆய்வு

2007 டிசம்பர் 7, வெள்ளிக்கிழமை. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், நகோயாவுக்குத் தெற்கே இருக்கும் ஓபு என்ற சிறு நகரம். மாலை நாலரை மணி வாக்கில் பகல்நேரப் பராமரிப்பு மையத்தின் வேன், டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ள 91 வயதுப் பெரியவர் ஒருவரை அவர் வீட்டில் இறக்கிவிட்டுப் போனது. வீட்டை ஒட்டியே அவருடைய பழைய அலுவலகம். நிலம், வீடு தரகுத் தொழில் செய்தவர். அந்த அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவியும் மூத்த மருமகளும் கூட இருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மருமகள் எழுந்து வீட்டு வாசல் பக்கம் போனார். பெரியவர் அட்டைப்பெட்டியில் சிறுநீர் கழித்திருந்தார். அதை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. மனைவிக்கு 85 வயது. உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டார். சில நிமிடங்கள்தான். அதற்குள் பெரியவர் அலுவலக வாசல் வழியாக வெளியேறிவிட்டார்.

மருமகள் திரும்பி வந்து பார்த்தால் நாற்காலி காலி. தேடத் தொடங்கினார். பெரியவரோ ஓபு நிலையத்தில் எப்படியோ ரயில் ஏறி, அடுத்த நிலையமான கியோவாவில் இறங்கியிருந்தார். நடைமேடையின் கோடியில் ஒரு வேலிக்கதவு. அதைத் திறந்துகொண்டு தண்டவாளத்தில் இறங்கினார். 5.47 மணிக்கு ரயில் மோதி இறந்தார். ஏன் அங்கே இறங்கினார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிறுநீர் கழிக்க ஒதுக்குப்புறம் தேடியிருப்பார் என்பது பலருடைய ஊகம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ரயில்கள் தாமதமாயின. பயணிகளை வேறு வழியில் அனுப்பவேண்டி வந்தது. அதற்கான செலவு 71,97,740 யென் என்று கணக்குப் போட்டு, ஜேஆர் டோக்காய் ரயில் நிறுவனம் அதைக் குடும்பத்திடம் கேட்டது. குடும்பம் மறுத்தது. விவகாரம் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர 2016 ஆகிவிட்டது. டிமென்ஷியா உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதென்றால் என்ன என்று ஒரு நாடே உட்கார்ந்து யோசித்த வழக்கு இது.

மறதிநோய் உள்ளவர்களின் நலம் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அழகான மையங்களையும் தோட்டங்களையும் இசைப் பயிற்சியையும் காட்டுவார்கள். இந்த வழக்கில் அப்படி எதுவும் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்ட ஒரு சாதாரண வீடுதான் இருக்கிறது. அலட்சியத்தால் நடந்திருந்தால் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை, திட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கே அக்கறைக்குப் பஞ்சமில்லை. அப்படியும் நடந்தது.

அந்த வீட்டு ஏற்பாடு

தம்பதிக்கு 1945ல் திருமணம். நான்கு பிள்ளைகள். மூத்த மகன் வெகுகாலம் முன்பே ஊரைவிட்டுப் போய் யோகோஹாமாவில் குடும்பத்தோடு இருந்தார்.

2000 டிசம்பர் வாக்கில் பெரியவர் சாப்பிட்டு முடித்த கையோடு "சாப்பாடு இன்னும் ஆகலையா?" என்று கேட்க ஆரம்பித்தார். இரவு எது பகல் எது என்பது குழம்பியது. 2002 மார்ச்சில் குடும்பம் கூடிப் பேசியது. மனைவிக்கு அப்போதே 80 வயது ஆகிக்கொண்டிருந்தது. அவரால் தனியாக முடியாது. எனவே மூத்த மருமகள் கணவனை யோகோஹாமாவில் விட்டுவிட்டுத் தான் மட்டும் ஓபுவுக்கு வந்து, மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறினார். அன்றாடம் வந்து மாமியாரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டார். மகன் முதலில் எப்போதாவதும், கடைசிக் காலத்தில் மாதம் மூன்று முறை போலவும் வந்துபோனார். ஒரு மனிதருக்காக ஒரு தம்பதி ஐந்தே முக்கால் ஆண்டுகள் இரண்டு ஊரில் வாழ்ந்தார்கள்.

ஜப்பானில் 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்திருந்தது. ஒருவருக்கு எவ்வளவு கவனிப்பு தேவை என்று மதிப்பிட்டுப் படிநிலை தருவார்கள். பராமரிப்பு தேவைப்படுவோருக்கு 1 முதல் 5 வரை. பெரியவருக்கு 2002 ஜூலையில் 1, அதே ஆண்டு நவம்பரில் 2, 2007 பிப்ரவரியில் 4. இடையில் 2003 வாக்கிலேயே மனைவியைத் தன் தாய் என்று எண்ணத் தொடங்கிவிட்டார். பெற்ற பிள்ளைகளின் முகம் தெரியவில்லை.

இரண்டு முறை காணாமல் போனார். 2005 ஆகஸ்டில் ஒரு நாள் விடிகாலை; வீட்டிலிருந்து 20 நிமிட நடை தூரத்தில் ஒரு கடை. அதன் மேலாளர் தகவல் சொல்லிக் கிடைத்தார். 2006 டிசம்பரில் நள்ளிரவு. டாக்ஸி ஒன்றில் ஏறிவிட்டார். ஓட்டுநர் இவர் நிலையைப் புரிந்துகொண்டு ஒரு கடையில் இறக்கிவிட, கடை மேலாளர் போலீசுக்குச் சொல்ல, அதிகாலை 3 மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்.

அதன்பின் வீட்டார் செய்தவற்றைப் பாருங்கள். மருமகள் காவல் நிலையத்தில் முன்கூட்டியே விவரம் சொல்லி வைத்தார். பெயரும் தன் கைபேசி எண்ணும் எழுதிய துணியைப் பெரியவரின் சட்டைகளில் தைத்தார். மகன் வாசல் அருகே ஓர் உணர்கருவி பொருத்தினார். அப்பா அந்தப் பக்கம் போனால் அம்மாவின் தலைமாட்டில் மணி அடிக்கும். பகல்நேர மையத்துக்கு வாரம் ஒரு நாள் அனுப்பத் தொடங்கியது மெல்லக் கூடி, கடைசியில் ஞாயிறு தவிர ஆறு நாளும் ஆனது. வெளியே போகிறேன் என்று அவர் கிளம்பினால் மருமகளும் கூட நடந்தார்.

2007 பிப்ரவரியில் குடும்பம் மறுபடி கூடியது. முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா? மகனின் தங்கை முதியோர் பராமரிப்பு வேலை அறிந்தவர். அவர் சொன்னது: இல்லத்தில் சேர்த்தால் அப்பாவின் குழப்பம் இன்னும் மோசமாகும், வீட்டார் கண்காணிப்பு இருந்தால் வீட்டிலேயே வாழும் திறன் அவருக்கு இருக்கிறது, சேர்க்க நினைத்தாலும் இடம் கிடைக்க இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும். வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. தொழில் தெரிந்த ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சேர்ந்து எடுத்த முடிவு. பாசத்தில் கண்மூடி எடுத்ததல்ல.

இன்னும் இரண்டு விவரங்கள். இவை பின்னால் நீதிமன்றத்தில் பெரிதாயின.

ஒன்று, வீட்டு முன் கேட். ஒரு காலத்தில் அதைப் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். பெரியவர் எரிச்சலில் அதைப் பிடித்து உலுக்கினார். பூட்டினால்தான் ஆபத்து என்று ஆகி, பூட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று, அலுவலக வாசல். இரவில் ஷட்டர் இறக்கிப் பூட்டுவார்கள். பகலில் திறந்தே இருக்கும். வாடிக்கையாளர் வந்தால் தெரிவதற்காக அங்கே முன்பு வைத்த உணர்கருவி ஒன்று இருந்தது. அதன் மின் இணைப்பை அணைத்து வைத்திருந்தார்கள்.

மூன்று நீதிமன்றங்கள்

ஜப்பானின் சிவில் சட்டம் 713ஆம் பிரிவின்படி, தன் செயலின் பொறுப்பை உணரமுடியாத மனநிலையில் இருப்பவர் இழப்பீடு தரவேண்டியதில்லை. அடுத்த பிரிவு 714. அப்படிப்பட்டவரைக் கண்காணிக்கும் சட்டக் கடமை யாருக்கு இருக்கிறதோ அவர் தரவேண்டும். அந்த 'யார்' யார் என்பதுதான் வழக்கு.

2013 ஆகஸ்டில் நகோயா மாவட்ட நீதிமன்றம் முழுத் தொகையையும் மனைவியும் மூத்த மகனும் தரவேண்டும் என்றது. கண் அசந்தது மனைவியின் கவனக்குறைவு. குடும்பத்தில் முடிவெடுப்பவர் மகன். ஆகவே நடைமுறையில் அவரே கண்காணிப்பாளர். அணைத்து வைத்த மணியும் கணக்கில் வந்தது. தீர்ப்பு வெளியானதும் நாடெங்கும் பராமரிப்பில் இருக்கும் குடும்பங்கள் அதிர்ந்தன. 1980ல் கியோட்டோவில் தொடங்கிய டிமென்ஷியா குடும்பங்களின் சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. 85 வயதில் இமைகூட மூடக்கூடாது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்க யார் துணிவார்கள்? பூட்டித்தான் வைப்பார்கள்.

2014 ஏப்ரலில் நகோயா உயர் நீதிமன்றம் மகனை விடுவித்தது. மனைவியை விடவில்லை, மனைவி என்ற முறையில் கண்காணிப்புக் கடமை உண்டு என்றது. ஆனால் தொகையைப் பாதியாக்கியது: 35,98,870 யென். ஓபு நிலையத்தில் பயணிகளைச் சரியாகக் கவனித்திருந்தாலோ, கியோவா நடைமேடைக் கோடியின் கதவு பூட்டியிருந்தாலோ விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றும் சுட்டிக்காட்டியது. இந்த ஒரு வரியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த மாலையில் பூட்டியிருக்க வேண்டிய கதவு எது? வீட்டுக் கதவைத்தான் எல்லோரும் பேசினார்கள். மனிதரைக் கொன்றது ரயில் நிலையத்தில் இருந்த கதவு.

2016 மார்ச் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரயில் நிறுவனத்தின் கோரிக்கையை முழுவதுமாகத் தள்ளியது. கணவன் மனைவி ஒருவருக்கொருவர் துணையாய் இருக்கவேண்டும் என்பது அவர்கள் இருவருக்குள் உள்ள கடமை. அதை வைத்து மூன்றாம் ஆளுக்கு மனைவி பதில் சொல்லவேண்டும் என்று ஆகாது. மனைவிக்கே இரண்டு காலிலும் பாதிப்பு. அவரே பராமரிப்புத் தேவை 1ஆம் படிநிலையில் இருந்தவர். மருமகள் கைகொடுத்துத்தான் கணவரைப் பார்த்தார். மகன் வேறு ஊரில் இருந்தவர். இருவரையும் கண்காணிப்பாளர் என்று சொல்ல முடியாது என்பது முடிவு.

குடும்பம் வென்றது. செய்தித்தாள்கள் வரவேற்றன. ஆனால் தீர்ப்பைக் கூர்ந்து படித்த வழக்கறிஞர்கள் ஒரு முள்ளைக் கண்டார்கள். யாரைக் கண்காணிப்பாளருக்கு நிகராகக் கொள்ளலாம் என்று நீதிமன்றம் சில அளவுகோல்கள் தந்தது: உறவு எப்படி, கூட வசிக்கிறாரா, அன்றாடம் எவ்வளவு பழகுகிறார், சொத்தை நிர்வகிக்கிறாரா, பராமரிப்பு எப்படி நடக்கிறது, அவருடைய சொந்த உடல்நிலை என்ன. ஐந்து நீதிபதிகளில் இருவர், மகன் அப்படி நிகரானவர்தான், ஆனால் கடமையில் தவறவில்லை என்று தனியாக எழுதினார்கள். இதன் பொருள் என்ன? கூட இருந்து நன்றாகப் பார்த்துக்கொள்பவர் மாட்டிக்கொள்ள வாய்ப்பு கூடுகிறது. எட்டிப் பார்க்காத பிள்ளைக்கு ஒரு பயமும் இல்லை. பாரத்தை இறக்கிவிட்ட தீர்ப்பு அடுத்தவர் தோளில் அதை ஏற்ற ஒரு வழியையும் திறந்தே வைத்திருக்கிறது.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. அந்த வீட்டில் அதிகம் உழைத்தவர் மருமகள். சட்டையில் துணி தைத்தவர், கூட நடந்தவர், அன்று மாலை பெட்டியை அப்புறப்படுத்தப் போனவர். உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அவர் வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை. ஓர் எழுத்தால் குறிக்கப்படும் ஆள். பொறுப்பு யாருக்கு என்று வருடக்கணக்கில் வாதாடிய வழக்கில், பொறுப்பை எடுத்துச் செய்தவரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. மருமகள்களின் உழைப்பு கணக்கில் வராத சங்கதி நமக்கு ஒன்றும் புதிதில்லை.

கேட்டை உலுக்கியது எதற்கு

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் பூட்டை எடுத்த அந்த நாள்தான்.

பூட்டிய கேட்டை ஒருவர் உலுக்கினால், மருத்துவக் குறிப்பில் அது 'ஆக்ரோஷம்' என்று பதிவாகும். பல இடங்களில் அடுத்த வேளைக்கு ஒரு தூக்க மாத்திரை கூடும். அந்த வீட்டார் அதை வேறு மாதிரி படித்தார்கள். தன் வீட்டு வாசலைத் தாண்ட முடியாத மனிதருக்கு வரும் கோபம் அது. 90 வயதில் உங்களை உங்கள் வீட்டிலேயே பூட்டினால் நீங்களும் உலுக்குவீர்கள். அவர்கள் மனிதரை மாற்ற முயலவில்லை. பூட்டை எடுத்தார்கள்.

இதே ஜப்பானில் காப்பீட்டின் கீழ் இயங்கும் முதியோர் இல்லங்களில் கட்டிப்போடுவது கூடாது என்று விதி வந்து, 2001ல் சுகாதார அமைச்சகம் அதற்கொரு கையேடும் வெளியிட்டது. தடைசெய்யப்பட்ட செயல்கள் 11 என்று அதில் பட்டியல் இருக்கிறது. கட்டிலோடு கட்டுவது, அவரே கழற்ற முடியாத உடையை மாட்டுவது, அளவுக்கு மீறி மயக்க மருந்து தருவது. கடைசி வரி: தானாகத் திறக்க முடியாத அறையில் அடைப்பது. சம்பளம் வாங்கும் ஊழியர்கள் முறை வைத்துப் பார்க்கும் இடத்தில் அடைக்கக்கூடாது. 85 வயது மூதாட்டி பார்க்கும் வீட்டில் அடைக்காததும் குற்றம் என்பதுபோல் 2013 தீர்ப்பு ஒலித்தது. முரண் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

திறந்திருந்த அலுவலக வாசலையும் அப்படித்தான் பார்க்கிறேன். வாழ்நாள் முழுக்க அந்த வாசலில் ஆள் வரும் போகும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் நோயாளி இல்லை, கடைக்காரர். மனைவியைத் தாயென்று நினைத்தவருக்குக்கூட அந்த இடம் பழகிய இடம். ஷட்டரைப் பகலிலும் இறக்கியிருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பாரா? அன்றைக்கு, இருந்திருப்பார். அந்த ஆண்டுகள் எப்படிப் போயிருக்கும்? இருட்டறையில் உட்கார்ந்து ஷட்டரை உலுக்கியபடி. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும். வைத்துப் பார்த்தபின்பும் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அணைத்து வைத்த அந்த மணியைப் பற்றித் தயக்கமில்லை. அது ஒலித்திருக்க வேண்டும். ஒலித்தால் அவருக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. மனைவிக்குக் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். அடைத்து வைப்பதற்கும் தெரிந்துகொள்வதற்கும் நடுவே உள்ள இடம் அந்த மணி.

தெருவின் கண்

அவர் காணாமல் போன முந்தைய இரண்டு முறையும் காப்பாற்றியது யார் என்று திரும்பிப் பாருங்கள். வீட்டு மணி இல்லை. ஒரு கடை மேலாளர். ஒரு டாக்ஸி ஓட்டுநர். இன்னொரு கடை மேலாளர். மூன்றாம் முறை அவர் ரயில் நிலையத்துக்குள் போனார். அங்கே அப்படி ஒரு கண் படவில்லை. சட்டையில் தைத்த துணி அன்றும் இருந்திருந்தால்கூட, யாராவது நின்று படித்தால்தானே அதற்குப் பயன்?

கியூஷூ தீவில் ஃபுக்குவோக்கா மாகாணத்தில் ஒமுதா என்ற நகரம். மீய்க்கே நிலக்கரிச் சுரங்கத்தால் வளர்ந்தது. 1997ல் சுரங்கம் மூடியபின் இளைஞர்கள் வெளியேற, முதியோர் மிகுந்த ஊராகியது. அங்கே 2004ல் ஒரு பள்ளி வட்டாரத்தில் தொடங்கி ஊர் முழுக்கப் பரவிய ஒரு பழக்கம் உண்டு. காணாமல் போன முதியவராக ஒருவர் நடித்துத் தெருவில் நடப்பார். தகவல் கடைகளுக்கும் டாக்ஸிகளுக்கும் வீடுகளுக்கும் போகும். பார்த்தவர்கள் அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். தீயணைப்பு ஒத்திகை போல ஒரு தேடல் ஒத்திகை. கேட்க எளிதாக இருக்கிறது. முன்பின் தெரியாத முதியவரிடம் போய் "எங்கே போறீங்க?" என்று கேட்பது எவ்வளவு கூச்சமான வேலை என்று அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். அந்தக் கூச்சம் போகத்தான் ஒத்திகை.

2005 முதல் நாடு முழுக்க டிமென்ஷியா ஆதரவாளர் பயிற்சி நடக்கிறது. சுமார் ஒன்றரை மணி நேர வகுப்பு. வங்கி ஊழியர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள் என்று இதுவரை 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் முடித்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் அடையாளமாக மணிக்கட்டில் ஆரஞ்சு நிற வளையம் தந்தார்கள். அங்கே சொல்லித்தருவதன் சாரம் மூன்று 'கூடாது'கள்: திடுக்கிட வைக்கக்கூடாது, அவசரப்படுத்தக்கூடாது, தன்மானத்தைப் புண்படுத்தக்கூடாது. நாலு பேர் சூழ்ந்துகொள்ளாமல் ஒருவர் மட்டும், பின்னாலிருந்து கூப்பிடாமல் கண்ணில் படும்படி முன்னால் வந்து, மெதுவாகப் பேச வேண்டும். ஒன்றரை மணி நேர வகுப்பில் யாரும் நிபுணராகிவிட மாட்டார்கள். நிபுணர் வேண்டியதும் இல்லை. அந்த டாக்ஸி ஓட்டுநர் செய்தது அதைத்தான்.

சொல்லையும் மாற்றினார்கள். 2004 வரை இந்நோய்க்கு ஜப்பானில் 'சிஹோ' என்று பெயர். அதன் இரண்டு எழுத்துகளுக்கும் மடமை, மந்தம் என்ற பொருள். அந்த டிசம்பரில் அரசு அதை 'நின்சிஷோ' என்று மாற்றியது. அறிதலைச் சார்ந்த நோய் என்ற அளவில் நிற்கும் சொல். ஒமுதாவின் ஒத்திகைப் பெயரில் 'ஹைக்காய்' என்ற சொல் இருந்தது: இலக்கில்லாமல் அலைவது. நடக்கிறவருக்கு இலக்கு உண்டு, நமக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லி 2015ல் அதையும் எடுத்துவிட்டார்கள். வேலைக்குப் போக, பிறந்த வீட்டுக்குப் போக, கழிப்பறை தேட.

தமிழில் நம் கையில் என்ன இருக்கிறது? ஈழத்தில் 'அறளை பெயர்ந்திட்டுது' என்பார்கள். இங்கே 'புத்தி பேதலிச்சுப்போச்சு'. கொஞ்சம் கிண்டல் கூடினால் 'மறை கழண்டிருச்சு'. பேருந்து நிலையச் சுவரில் ஒட்டும் 'காணவில்லை' நோட்டீசில் 'சற்று மனநிலை சரியில்லாதவர்' என்று ஒரு வரி இருக்கும். படிப்பவர் அந்த வரியைப் பார்த்ததும் அரையடி விலகுவார். 'மறதிநோய் உள்ளவர், பேர் சொல்லிக் கூப்பிட்டால் நிற்பார்' என்று எழுதினால் நெருங்கி வருவார். நோட்டீஸ் அடிக்கும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

தெருவின் கண்ணை மிகையாகவும் நம்பக்கூடாது. டிமென்ஷியா காரணமாகக் காணாமல் போனவர்கள் என்று ஜப்பான் போலீசில் பதிவானவை 2012ல் 9,607. 2023ல் 19,039. பெரும்பாலோர் ஓரிரு நாளில் கிடைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் சில நூறு பேர் சடலமாகத்தான் கிடைக்கிறார்கள். ஒத்திகை நடக்கும் நாட்டில்தான் இந்த எண்ணிக்கையும்.

பணத்தை யார் கொடுப்பது

உச்ச நீதிமன்றம் குடும்பம் தரவேண்டாம் என்றது. அப்படியானால் இழப்பு இழந்தவர் தலையிலேயே நிற்கும். இங்கே இழந்தது பெரிய ரயில் நிறுவனம், தாங்கிக்கொள்ளும். அதுவே ஒரு சைக்கிள்காரருக்குக் கால் உடைந்திருந்தால்? சிறு கடை ஒன்று தீப்பிடித்திருந்தால்? 'யாரும் பொறுப்பில்லை' என்று அவரிடம் சொல்ல முடியுமா?

முதலில் கனகாவா மாகாணத்தின் யமாட்டோ நகரம் 2017ல் ஒரு வழி கண்டது. காணாமல் போகும் அபாயம் உள்ளவர்கள் பெயரைப் பதிந்துகொண்டு, அவர்களுக்கான காப்பீட்டை நகராட்சியே எடுத்தது. கோபே நகரம் 2019ல் இதை இன்னும் தெளிவாகச் செய்தது. டிமென்ஷியா இருக்கிறதா என்று முதலில் இலவசமாகப் பரிசோதனை. இருந்தால் விபத்துக் காப்பீட்டில் பதிவு. 20 கோடி யென் வரை இழப்பீட்டுக் காப்பு. பாதிக்கப்பட்டவர் நகரவாசி என்றால், சட்டப்படி யாருக்கும் பொறுப்பு இல்லாத நிலையிலும் ஆறுதல் தொகை. இதற்கெல்லாம் பணம்? நகரவாசிகளின் வரியில் தலைக்கு ஆண்டுக்கு 400 யென் கூட்டினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாத காசு.

இந்த 400 யென் எனக்குப் பிடித்திருப்பது அது எழுப்பும் கேள்வியால். யார் குற்றம் என்று கோபே கேட்கவில்லை. ஊருக்குள் டிமென்ஷியா உள்ளவர்கள் நடமாடத்தான் போகிறார்கள், அதில் எப்போதாவது சேதம் வரத்தான் போகிறது, ஆகவே ஊரே பகிர்ந்துகொள்ளட்டும் என்று கணக்கைத் தொடங்கியது. மாவட்ட நீதிமன்றம் ஒரு மூதாட்டியின் இமையிலிருந்து தொடங்கிய கணக்கு இப்படி மாறியது. 2023 ஜூனில் நிறைவேறி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் டிமென்ஷியா அடிப்படைச் சட்டமும் 'சேர்ந்து வாழும் சமூகம்' என்பதைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது.

77 நிமிடம்

மறுபடி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வழக்கு, காப்பீடு, ஒத்திகை எல்லாவற்றிலும் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் நகோயா வட்டாரத்தில் சூரியன் மறைவது 4.40 மணி சுமாருக்கு. வேன் அவரை இறக்கியது நாலரைக்கு. வாரத்தில் ஆறு நாளும் பகல் முழுக்க ஊழியர்கள், சாப்பாடு, பேச்சுத்துணை. பொழுது சாய்கிற நேரத்தில், சரியாக அந்த நேரத்தில், வண்டி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிவிடுகிறது. டிமென்ஷியா உள்ளவரோடு வாழ்ந்த எந்த வீட்டையும் கேட்டுப் பாருங்கள். விளக்கு வைக்கும் நேரம்தான் கடினமான நேரம். நாள் முழுக்க அமைதியாக இருந்தவர் அந்தியில் எழுந்து நிற்பார். தன் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்பார். மருத்துவத்தில் இதற்கு அந்திநேரக் குழப்பம் என்று பெயரே உண்டு; வெளிச்சம் குறைவது, நாள் முழுதும் சேர்ந்த களைப்பு, உடலின் கடிகாரம் பிசகுவது என்று காரணங்கள் சொல்கிறார்கள். பார்த்துக்கொள்பவரும் களைத்துப்போகும் நேரம் அதுவேதான். மருமகளுக்குத் துடைக்கும் வேலை. மாமியாருக்குக் கண் சொக்குகிறது.

சேவை அலுவலக நேரத்தில் நடக்கிறது. நோய்க்கு அலுவலக நேரம் கிடையாது. இதை ஜப்பான் அறியாமல் இல்லை. 2006 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் திருத்தியபோது ஒரு புதுவகைச் சிறு மையத்தைச் சேர்த்தார்கள். அப்போது 25 பேர் வரைதான் பதிவு. பகலில் அங்கே போகலாம், தேவைப்பட்டால் இரவும் தங்கலாம், அங்கே பார்த்த அதே ஊழியர் தேவைப்பட்ட நேரத்தில் வீட்டுக்கும் வருவார். வீட்டுக்குள் வருகிறவர் தெரிந்த முகம் என்பதுதான் இதில் விசேஷம். பெயர் மறந்துபோன மனிதர்களுக்கும் முகத்தின் பரிச்சயம் ஒருவகையில் மிச்சமிருக்கிறது.

நாலரையிலிருந்து 5.47 வரை 77 நிமிடம். அந்த நேரத்துக்கு வந்துபோக ஓர் ஆள் இருந்திருந்தால் அவர் பெட்டியை அப்புறப்படுத்தியிருப்பார். மருமகள் அலுவலகத்தில் மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பெரியவர் எழுந்து வாசலைத் தாண்டினால், வழக்கம்போல, செருப்பை மாட்டிக்கொண்டு கூட நடந்திருப்பார்.